வித்தைப் பூட்டிவைத்து ஆய்வு கேட்பதா?

பயிரின் பூந்தாது காற்றேறியும் வண்டேறியும் சென்று காட்டினத்தின் பூவிற் படிகின்றது. படிந்த தாது கருக்கொள்ளப் பயிரின் மரபணு களையினுள் வாழத் தொடங்குகின்றது. இஃது இன்று நேற்று நிகழ்வதன்று. உழவு தோன்றிய நாள்தொட்டு நிகழ்வதே. “அங்ஙனமாயின் மரபணு மாற்றிய பயிருக்கு மட்டும் ஏன் இக்கூக்குரல்?” என வினவுவார் உளர். வினவட்டும். விடை வட அமெரிக்க மண்ணில் உள்ளது.

பொழுதுவணங்கி (நம்மவர் சூரியகாந்தி என்பர்) அம்மண்ணில் தோன்றிய பயிர். அதன் காட்டினம் இன்றும் அங்கே வயலோரக் களையாக மண்டிக் கிடக்கின்றது. புழுக்கொல்லி நச்சை ஆக்கும் நுண்ணுயிர் மரபணு ஒன்றைப் பயிரில் ஏற்றினர். அது களைக்குத் தாவினால்? ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக அறிஞர் அலிசன் சுனோ அம்மையார் குழுவினர் இரண்டையும் கலந்து, பிறந்த செடிகளின் வித்துகளை எண்ணினர். நெபுராசுகாவில், அம்மரபணு ஏறிய காட்டுச்செடி ஏறாததினும் 55 விழுக்காடு மிகுதியாக வித்தீன்றது! கொலராடோவில் அத்துணை மிகுதியில்லை. பழங்காலத்துக் கலப்பு களைக்கு இப்படியொரு படைக்கலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்ததா?

மிகுந்த வித்தெல்லாம் செடியாகுமா, களை பெருகுமா என்பதே அடுத்து ஆராயவேண்டியது. அங்கேதான் கதவு அடைபட்டது. பயனியர், தௌ என்னும் நிறுவனங்கள் 2002இல் அம்மரபணுவையும் வித்தையும் மேலாய்வுக்குத் தர மறுத்தன. விற்பவன் இசைந்தால் ஆய்வு, இசையாவிடில் இல்லை. என்னே அறிவியல்!

முனைவர்ப் பட்டத்துக்கு இத்துறையை மேற்கொள்ளும் மாணவனை எண்ணிப் பாருங்கள். கலப்புச்செடியை மீண்டும் காட்டினத்தோடு கலந்து, தலைமுறை தலைமுறையாக வித்தெண்ண அவனுக்கு நாலைந்து ஆண்டு வேண்டும். இடையில் வித்து மறுக்கப்பட்டால் அவன் உழைப்பு என்னாவது?

நமக்கென்ன என்று இருத்தல் இயலாது. கத்தரி நம் நாட்டுப் பயிர். முள்ளடர்ந்த அதன் காட்டினம் நம் ஊர்ப்புறங்களிலேயே வளர்கின்றது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 ஆகிய கத்தரி வகைகளிலேயே புழுக்கொல்லி மரபணுவை ஏற்றியது. நடுவண் அரசின் ஒப்புதற்குழு 2009இல் மரபணுக் கத்தரிக்கு இசைவளித்தது; மக்கள் எதிர்ப்பெழவே 2010இல் அமைச்சர் செயராம் இரமேசு அதனை நிறுத்திவைத்தார். தென்னாட்டில் காட்டுக்கத்தரியைத் தேடிச்சென்று ஆராய்ந்த புதுவைப் பல்கலைக்கழகத்தார் கட்டுரை வெளிவந்ததோ 2015இல்! (அவ்வாய்விலும் சுனோ அம்மையார் உடனிருந்தார்.) இரண்டும் கலந்தால் காய் பிடிக்கும், ஒரே வண்டுகள் இரண்டன் பூவையும் நாடும் என்று அது காட்டியது. இசைவு முந்தியது, இவ்வாய்வு ஆறாண்டு பிந்தியது. நிறுத்திவைப்பு நேராதிருப்பின் அவ்வாறாண்டில் எத்தனை வயலோரங்களுக்கு அம்மரபணு சென்றிருக்கும்?

எனவே நாம் கேட்பது இதுவே: இசைவு நாடும் நிறுவனம் தன் வித்தை முதலில் பொதுப் பல்கலைக்கழகத்தில் ஒப்படைக்கவேண்டும். காட்டினத்தோடு கலந்து எண்ணும் உரிமை, நிறுவனத்தின் கையொப்பத்தை எதிர்பாராமல், எந்த ஆய்வு மாணவனுக்கும் இருத்தல் வேண்டும். எண்ணி முடிந்தபின் ஒப்புதற்குழு கூடட்டும்.