கடைசிக் கட்டத்தை விட்டுவையுங்கள்

பேத்திக்கு ஆறு வயசு. போன மாதம் லீவுக்கு வன்னியம்பட்டிக்கு வந்திருந்தவள், "தாத்தா, அப்பாவுக்கு நீங்க போட்ட அணில் கதையை எடுங்க" என்று நச்சரித்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து தேடிக்கொண்டிருந்தபோது என் மகன், "எதுக்குப்பா சிரமம்? சொன்னாப் போதும், இப்போ போனே கலர்ல வரைஞ்சு கொடுத்துரும்" என்றான். கொடுக்கவும் செய்தது. குற்றம் சொல்ல முடியாத படம். பேத்தி பார்த்தாள், "நல்லாருக்கு" என்றாள், பெட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அப்பாவோ அம்மாவோ தாத்தாவோ சொந்தக் கையால் ஒரு படக்கதையாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. வரையத் தெரியாதவர்கள் அவசியம் போட வேண்டும்.

எங்கள் வயசுக்காரர்களுக்குக் காமிக்ஸ் புதுசு இல்லை. பக்கத்துச் சிவகாசியில்தான் 1972-ல் முத்து காமிக்ஸ், 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்தது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த மனிதரை யார் மறப்பார்கள்? 1984-ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. எல்லாவற்றையும் வாங்கினேன். ஆனால் அவர்கள் எல்லாம் சீமைக்காரர்கள். என் பிள்ளைகளுக்கு மாயாவியைத் தெரியும். அப்பாவைத்தான் சரியாகத் தெரியாது.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் எனக்கு ஷிப்ட் வேலை. ரெண்டாம் ஷிப்ட் முடித்து நள்ளிரவில் வீடு வந்தால் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு வாரம் பேசாமல் போய்விடும். அதற்காகத்தான் ஒரு பக்கம் எழுதாத பழைய தாள்களில் ராத்திரி நாலு கட்டம் வரைந்து, தண்ணீர்ச் செம்புக்கு அடியில் வைத்துவிட்டுப் படுக்க ஆரம்பித்தேன்.

1988 கடைசியில், வீட்டு வாசலில் நின்றால் மேற்கே தெரிகிற மலையைச் சாம்பல் நிற அணில்களுக்கான சரணாலயமாக அறிவித்தார்கள். (இப்போது அது புலிகள் காப்பகத்திலும் சேர்ந்துவிட்டது.) அந்த மலை அணில்தான் என் கதாநாயகன். முதல் கதையில் அது வன்னியம்பட்டி விலக்கில் பஸ் ஏறி மில்லுக்கு வேலைக்குப் போகும். மறுநாள் தாளின் ஓரத்தில் மகள் எழுதி வைத்திருந்தாள்: 'அப்பா, மலை அணில் தரைக்கு வராது. டீச்சர் சொன்னாங்க.' மறுநாள் முதல் அணில் மரத்திலிருந்து நேராகப் பஸ்ஸின் கூரையில் குதித்தது. நான் வரைந்தது பாதி நாள் பெருச்சாளி மாதிரிதான் இருக்கும். அதனாலேயே பிள்ளைகள் துணிந்து பென்சிலை எடுத்துத் திருத்தினார்கள். போன் போட்ட படத்தில் பேத்திக்குத் திருத்த ஒன்றுமே இல்லை.

ஒரு தப்பும் செய்தேன். மகனுக்கு அப்போது ஐந்து வயசு. ராத்திரி கொல்லைப்புறம் போகப் பயப்படுவான். அதைத் திருத்துகிறேன் என்று, இருட்டைக் கண்டு அழும் குட்டி அணிலை வரைந்தேன். வீட்டுக்கு வந்திருந்த உறவினர் அதை எடுத்துச் சத்தமாகப் படிக்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன்பிறகு அவன் செம்புப் பக்கமே போகவில்லை. நான் வைத்த தாள் வைத்தபடியே கிடந்தது. மூன்று வாரம்.

என்ன செய்வதென்று தெரியாமல் ஒருநாள் மூன்று கட்டம் மட்டும் வரைந்தேன். குட்டி அணில் இருட்டில் நிற்கிறது. நாலாவது கட்டத்தைக் காலியாக விட்டு, 'இனி என்ன ஆகும்? அப்பாவுக்குத் தெரியவில்லை' என்று எழுதி வைத்தேன். மறுநாள் அந்தக் கட்டத்தில் ஒரு பெரிய அணில் நின்றது, கையில் டார்ச் லைட். பக்கத்தில் கோணல் எழுத்தில் 'அப்பா'.

அந்த வாரம் எனக்கு நைட் ஷிப்ட். ஷிப்டை மாற்ற என் கையில் அதிகாரம் இல்லை. ஆனால் வீட்டில் இருந்த ஒவ்வொரு ராத்திரியும் டார்ச்சோடு அவன் கூடவே போனேன். அவனுக்கு இருட்டைவிட, கூட வர ஆள் இல்லாததுதான் பயம் என்பதை அந்தக் கட்டம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பெரியவர்களும் இதைச் செய்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் பேராசிரியர் டோல்கீன் 1920 முதல் இருபது வருஷத்துக்கு மேல், கிறிஸ்துமஸ் தாத்தா எழுதுவதுபோலத் தன் பிள்ளைகளுக்குப் படத்தோடு கடிதம் எழுதினார். அவை புத்தகமானது அவர் இறந்தபிறகு, 1976-ல். பிரான்சில் ஒரு தாய் தன் மகன்களுக்குச் சொன்ன யானைக்குட்டிக் கதையை, ஓவியரான தகப்பனார் வரைய, 1931-ல் 'பாபர்' புத்தகமாயிற்று. நம் வீட்டுக் கதை அச்சேற வேண்டியதில்லை. செம்புக்கு அடியில் இருந்தால் போதும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். ஒரு முழுத்தாளை இரண்டு முறை மடித்து, நடுவில் நூலால் தைத்து, மேல் மடிப்பை வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம். வசனத்தை முதலில் எழுதி அதைச் சுற்றிப் பலூன் போடுங்கள். தமிழ் வார்த்தை நீளம், படத்தை முதலில் போட்டால் இடம் பத்தாது. பிள்ளையின் குறையைக் கதையாக்காதீர்கள். விருந்தாளிக்குக் காட்டாதீர்கள். கடைசிக் கட்டத்தைப் பிள்ளைக்கு விட்டுவையுங்கள்.

பெட்டியில் அந்தத் தாள் கிடைத்தது. மகன் வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் எழுந்து வந்தபோது அவன் திண்ணையில் உட்கார்ந்து பேத்திக்கு ஏதோ வரைந்துகொண்டிருந்தான். அணிலா, பெருச்சாளியா என்று சொல்ல முடியவில்லை. பேத்தி ரப்பரைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.