மூடிய கதவும் ஒரு துண்டுச் சீட்டும்

போன மாதம் எங்கள் வீட்டில் மூன்று நாள் மௌன விரதம். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் மார்க் குறைந்ததற்கு நான் நாலு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டேன். பத்தாவது படிக்கும் என் மகள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பிட வருவாள், போவாள். பேச்சு மட்டும் கிடையாது.

மூன்றாம் நாள் மத்தியானம், அவள் ஹாலில் போட்டிருந்த புத்தகத்தைச் சும்மா புரட்டினேன். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் டோல்கீன் எழுதி 1954-ல் வெளிவந்த மோதிரக் கதையின் முதல் பாகம். மாயாலோகமாம், குள்ளர்களாம், மந்திரவாதியாம்! நமக்கெதற்கு என்று மூடப் போனவள், ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

மலைக்குள்ளே மோரியா என்று குள்ளர்களின் நகரம். அதன் கதவில் நிலவொளியில் தெரியும் எழுத்துக்கள். வந்தவன் நண்பனானால் சொல்லிவிட்டு உள்ளே வரலாம் என்று மந்திரவாதி கேண்டால்ஃப் அர்த்தம் பண்ணிக்கொள்கிறார். எதைச் சொல்வது? தெரிந்த மந்திரங்களையெல்லாம் சொல்லிப் பார்க்கிறார். ஊஹும்! கடைசியில்தான் விளங்குகிறது: 'நண்பன்' என்ற சொல்லையே சொல்ல வேண்டும். அந்தக் கதவைச் செய்தவர்களின் காலத்து எல்ஃப் மொழியில் 'மெல்லான்' என்றதும் கதவு திறக்கிறது. விடை கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது!

நம் குறுக்கெழுத்துப் புதிரிலும் இதே தந்திரம்தானே? ஒரு சீட்டில் எழுதிக் கதவடியில் தள்ளினேன்:

"மோதி, தலையிழந்த மரம் விரலில் ஏறும் (4)."

மரத்தின் தலையை வெட்டினால் 'ரம்'. முன்னால் 'மோதி'. மோதிரம்!

கால் மணியில் சீட்டு திரும்பி வந்தது. விடையோடு, கீழே இன்னொரு புதிர்:

"தோட்டத்தில் முதல், ஆழியில் கடைசி. சொன்னால் கதவு திறக்கும் (2)."

அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தேன். கதவருகே போய், "தோழி" என்றேன். உள்ளே சிரிப்பு. தாழ்ப்பாள் விலகியது.

மூன்று நாளாக நானும் கோபம், கெஞ்சல், பால் பாயசம் என்று எத்தனை மந்திரம் போட்டிருக்கிறேன்! அன்று கணக்கில் எது புரியவில்லை என்று அவளே சொன்னாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டேன்.

நீங்களும் செய்து பாருங்களேன். ஒரு சொல்லை இரண்டாக உடையுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குறிப்பு, முழுச் சொல்லுக்கு ஒரு குறிப்பு, பக்கத்தில் எழுத்தின் எண்ணிக்கை. அவ்வளவுதான்.

உங்களுக்கும் ஒன்று: "கொடு என்றதும் மான் வந்து குளத்தில் மலரும் (3)." பிள்ளைகளோடு உட்கார்ந்து யோசியுங்கள். விடையை அடுத்த இதழில் சொல்கிறேன்.