ரிமோட் ஸ்டார்ட் ஆகி நின்னுடுதா? முதல்ல உங்க ரெண்டாவது சாவி எங்கேன்னு பாருங்க

விருதுநகர் வெயில்ல மதியம் ரெண்டு மணிக்கு கார் கதவைத் திறந்தவங்களுக்கு ரிமோட் ஸ்டார்ட் மேல ஆசை வர்றது நியாயம்தான். பட்டனை அமுக்கினா இன்ஜின் ஓடும், ஏசி குளிரும், நாம போய் உட்கார வேண்டியதுதான். கம்பெனியே கொடுத்த வசதின்னா எனக்கு ஒரு சண்டையும் இல்லை. தீபாவளி போனஸ்ல வெளிக்கடையில மாட்டுற கிட் பத்திதான் இந்தப் பதிவு.

இதுல அடிக்கடி வர்ற புகார்: ஸ்டார்ட் ஆகுது, ரெண்டு மூணு செகண்ட்ல நின்னுடுது. பெரும்பாலும் காரணம் இம்மொபிலைசர். சாவிக்குள்ள இருக்கிற சிப்பை கார் படிச்சாதான் இன்ஜின் தொடர்ந்து ஓடும். சாவியோ உங்க பாக்கெட்ல இருக்கு. அதனால பல கடைகள்ல ஸ்பேர் சாவியை வாங்கி, சாவியையோ சிப்பையோ ஒரு சின்னப் பெட்டியில வச்சு டேஷ்போர்டுக்குள்ள கட்டிடுவாங்க. காருக்குப் பிரச்சினை தீர்ந்துடும்.

உங்க பணத்துக்கு அங்கேதான் ஆரம்பம். கார் திருடு போனா இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்.ஐ.ஆர்., ஆர்.சி.யோட ரெண்டு சாவியையும் கேக்கும். ஒரு சாவி காரோடயே போயிடுச்சுன்னு எப்படிச் சொல்வீங்க? சிப் இல்லாத சாவியைக் கொடுத்தாலும் அது வண்டியை ஸ்டார்ட் பண்ணாது. கவனக்குறைவுன்னு சொல்லி க்ளெய்மை மறுக்க அவங்களுக்கு நாமளே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி. சில ஆயிரம் ரூபாய் கிட்டுக்காக முழுக் காரோட மதிப்பையும் பணயம் வைக்கிறது எனக்குக் கணக்கா தெரியலை. வயரை வெட்டினதால எலக்ட்ரிக்கல் வாரன்டி போற கதை தனி.

மத்த கோளாறெல்லாம் சின்னது. லைட் மட்டும் மின்னுதுன்னா பானெட் சுவிட்ச், ஹேண்ட்பிரேக் வயரைப் பாருங்க. காலையில பேட்டரி செத்துக் கிடந்தா, வண்டியைப் பூட்டி அரை மணி நேரம் விட்டு மல்டிமீட்டர்ல பார்க்கச் சொல்லுங்க. 50 மில்லி ஆம்பியருக்கு மேல இழுத்தா கிட்டைச் சந்தேகப்படலாம்.

ஆனா கியர் வண்டின்னா ரிப்பேரே பண்ணாதீங்கன்னுதான் சொல்வேன். கிளட்ச் மிதிக்காமலே ஸ்டார்ட் ஆகணும்னு அந்த சுவிட்சையே பைபாஸ் பண்ணி வச்சிருப்பாங்க. முதல் கியர்ல நிறுத்தினதை மறந்து பட்டனை அமுக்கினா வண்டி பாயும். சிவகாசித் தெருக்கள்ல வாசலை ஒட்டித்தான் காரை விடுறோம், முன்னாடி குழந்தைங்க விளையாடும்.

சட்டமும் இடம் கொடுக்கலை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126 படி, பொது இடத்துல நிக்கிற வண்டியில லைசென்ஸ் உள்ள ஆள் டிரைவர் சீட்ல இருக்கணும், இல்லைன்னா இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்கணும். பட்டாசு குடோன் வாசல்ல, பாக்கெட்ல தெரியாம பட்டன் அமுங்கி இன்ஜின் தானா ஓடினா என்ன ஆகும்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கழட்டும்போது வெறும் ஃப்யூஸைப் பிடுங்கிட்டு வந்துடாதீங்க. அந்தப் பெட்டியைப் பிரிச்சு சாவியைக் கையில வாங்குங்க, சிப்பைத் திரும்பப் போட்டு அதே சாவியில வண்டி ஸ்டார்ட் ஆகுதான்னு அங்கேயே நின்னு பாருங்க. வெட்டின வயரை டேப் சுத்தாம சால்டர் பண்ணச் சொல்லுங்க. பில்லும் கேளுங்க.