அப்பா, என் ஹெல்மெட் எங்கே?



காலை எட்டரை மணிக்குத் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வந்து நின்று பாருங்கள். சாலை முழுக்கப் பள்ளிச் சீருடைதான். பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஒரு குட்டித் தம்பி, அப்பாவுக்குப் பின்னால் அக்கா, அவள் முதுகில் புத்தக மூட்டை, கைப்பிடியில் சாப்பாட்டுக் கூடை. ஹெல்மெட் அப்பா தலையில் மட்டும். போன வாரம் பால் வாங்கப் போன நான், ஹெல்மெட் போட்ட குழந்தைகள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினேன். கையில் இருந்த பால் பாக்கெட் வேர்த்துக் கொட்டியதுதான் மிச்சம். எண்ணிக்கை ஒரு கை விரல்களைத் தாண்டவில்லை.

அந்த அப்பாக்களைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கம்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

1989ஆம் ஆண்டு. அப்போது என்னிடம் ஒரு பஜாஜ் ஸ்கூட்டர் இருந்தது. ஆறு வயது மகனை முன்னால் நிற்க வைத்துத்தான் பள்ளிக்கு அழைத்துப் போவேன். அவனுக்கும் அது ராஜா உலா போகிற மாதிரி. ஒருநாள் டோல்கேட் அருகே ஒரு மீன்பாடி வண்டி சட்டென்று குறுக்கே வந்தது. நான் பிரேக் போட்டேன். வண்டி நின்றது. பையன் நிற்கவில்லை. அவன் முகவாய் போய் ஸ்பீடாமீட்டரில் மோதியது. மூன்று தையல். "ஒண்ணும் இல்லைடா, இதுக்கெல்லாம் அழலாமா?" என்று நான்தான் சொன்னேன். தையல் பிரித்த மறுநாளே அவனை அதே இடத்தில் நிற்கவும் வைத்தேன்!

இத்தனைக்கும் நான் அறிவியல் பாடம் நடத்துகிற வாத்தியார். "ஓடும் பேருந்து திடீரென நின்றால் பயணிகள் முன்னால் சாய்வது ஏன்?" என்று கேள்வி கேட்டு, 'நிலைமம்' என்று எழுதாதவர்களுக்கு மதிப்பெண்ணைக் குறைத்தவன்.

நிலைமத்தை நாம் புத்தகத்தில் தேட வேண்டியதே இல்லை. தேரோட்டம் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? தேரை நகர்த்த அத்தனை பேர் வடம் பிடிக்க வேண்டும். நகர்ந்துவிட்டாலோ, இழுப்பதை விட்டாலும் நிற்காது. அதற்காகத்தான் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போட ஆட்கள் கூடவே வருகிறார்கள். பைக்கில் போகும்போது நீங்களும் ஒரு சின்னத் தேர்தான். பைக்குக்குப் பிரேக் இருக்கிறது. உங்களுக்கு முட்டுக்கட்டை எங்கே?

ஒரு கணக்குப் போட்டுக் காட்டட்டுமா? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர். அந்த வேகத்தில் போய் ஒரு சுவரில் மோதினால், சுமார் 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஒரு மாடி வீட்டின் மொட்டை மாடியிலிருந்து, கீழே விழுந்ததற்குச் சமம். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் குழந்தையை உட்கார வைக்க எந்த அம்மாவாவது விடுவார்களா? அதிலும் குழந்தைகளுக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. பிறந்த குழந்தையின் நீளத்தில் கால் பங்கு தலைதான். அதனால் தூக்கி எறியப்படும்போது பெரும்பாலும் தலைதான் முதலில் போய் மோதுகிறது.

"நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேனே" என்று அம்மா சொல்வார். பாசம் உண்மை. ஆனால் கை பொய் சொல்லிவிடும். 10 கிலோ குழந்தை அம்மா மடியில் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும் கார் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிட்டால், அந்தக் கணத்தில் குழந்தை 100 கிலோவுக்கு மேல் கனக்கும். நான்கு சிப்பம் அரிசி! எந்த அம்மாவால் பிடிக்க முடியும்?

இதே மடிக்காக அமெரிக்காவில் ஒரு சண்டையே நடந்திருக்கிறது. டென்னஸி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவர், காரில் குழந்தைகளுக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கை கட்டாயம் என்று சட்டம் கொண்டுவரப் போராடினார். 1978 ஜனவரி 1 அன்று அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவிலேயே அதுதான் முதல். ஆனால் உறுப்பினர்கள் அதில் ஒரு ஓட்டை போட்டுவிட்டார்கள். பெரியவர் மடியில் வைத்துக்கொண்டால் இருக்கை வேண்டாம் என்பதுதான் அது. மோதும்போது பெரியவரின் உடம்பே குழந்தையை நசுக்கிவிடும் என்று டாக்டர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். 1981இல்தான் அந்த ஓட்டை அடைபட்டது.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தை 2019இல் திருத்தினார்கள். 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ, குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் அழைத்துப் போனால், ஓட்டுபவருக்கு 1,000 ரூபாய் அபராதம். பதினான்கு வயது! இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களில் அநேகமாக எல்லாரையும் பற்றித்தான் அந்த வரி பேசுகிறது. இருசக்கர வாகனத்தில் நான்கு வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் ஹெல்மெட் போட வேண்டும். ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர் மட்டுமே உட்காரலாம். குழந்தையும் ஓர் ஆள்தான். 2023இல் கேரள அரசு, அப்பா அம்மாவோடு ஒரு குழந்தையையாவது அனுமதியுங்கள் என்று மத்திய அரசைக் கேட்டுப் பார்த்தது.

நான்கு வயதுக்குள் இருக்கும் தம்பி பாப்பாக்களுக்கும் 2022 பிப்ரவரியில் விதி வந்தது. ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வரும் என்றும் அதிலேயே சொல்லியிருந்தார்கள். பாப்பாவுக்கு உள்சட்டை போல ஒன்றை மாட்டி, அதன் வார்களை ஓட்டுபவர் தன் தோளில் போட்டுக்கொள்ள வேண்டும். அது 30 கிலோ எடை தாங்க வேண்டும். பாப்பாவுக்கும் ஹெல்மெட் உண்டு. வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. இப்படி ஒரு விதி இருப்பதே நம் தெருவில் பலருக்குத் தெரியாது. நானும் என் பேத்தி பிறந்த பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சட்டமா என்று தோன்றும். பள்ளி வாகனங்களின் கதையைக் கேளுங்கள். 2012 ஜூலை 25 அன்று சென்னை முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சாலையில் விழுந்து இறந்துபோனாள். ஊரே அழுதது. சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. பள்ளிப் பேருந்துகளுக்கென்று தமிழக அரசு தனி விதிகளை அந்த ஆண்டே கொண்டுவந்தது. 2022 மார்ச்சில் ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேன் மோதி, இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இறந்தான். அதன் பிறகு பள்ளி வாகனத்தின் முன்னும் பின்னும் கேமரா வேண்டும் என்று சேர்த்தார்கள். இரண்டு குழந்தைகள் போன பிறகு வந்த விதிகள் இவை. பைக்குக்கும் காருக்கும் விதி முன்னாலேயே வந்து காத்திருக்கிறது. நாம்தான் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

வேனில், ஆட்டோவில் போகிற பிள்ளைகள் ஒன்றைக் கவனியுங்கள். அளவுக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு ஆளுக்கும் 200 ரூபாய் அபராதம் உண்டு. ஓட்டுநர் அண்ணனின் இருக்கையில் பாதியைப் பங்கு போட்டு உட்காராதீர்கள். அவர் கையைத் திருப்ப இடம் வேண்டாமா?

நம் பகுதிக்கென்று ஓர் ஆபத்தும் இருக்கிறது. அது கன்டெய்னர் டிரைலர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போக வரிசை கட்டி நிற்குமே, அதேதான். அந்த ஓட்டுநர் உட்காரும் உயரத்திலிருந்து பார்த்தால், வண்டியின் மூக்குக்குக் கீழேயும் இடது பக்கத்திலும் நிற்பவர் கண்ணுக்கே தெரிய மாட்டார். அவருடைய கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. அப்பா அந்த இடுக்கில் பைக்கை நுழைத்தால் தோளைத் தட்டி, "வேணாம்பா" என்று சொல்லுங்கள்.

இனி என் மனசில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். புல்லட் மோட்டார் சைக்கிள் தயாரிக்க 1955இல் தொழிற்சாலை எழும்பிய ஊர் திருவொற்றியூர். லாரியும் பஸ்ஸும் செய்யும் அசோக் லேலண்ட் எண்ணூரில் இருக்கிறது. எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து 2010 முதல் கார்கள் கப்பலேறி வெளிநாடு போகின்றன. வண்டிகளோடு இவ்வளவு உறவுள்ள ஊரில், எட்டு வயதுப் பிள்ளைக்கு அளவான ஒரு ஹெல்மெட் வாங்க நான் நான்கு கடை ஏறி இறங்கினேன். பெரியவர் அளவுதான் குவிந்து கிடந்தது. "உள்ளே துணி வச்சுக்குங்க சார்" என்றார் ஒரு கடைக்காரர். சட்டம் போட்டால் போதாது, பொருளும் கைக்கு எட்ட வேண்டும். அரசுப் பள்ளியில் பை, சீருடை, காலணி, வண்ணப் பென்சில் எல்லாம் விலையில்லாமல் கொடுக்கிறார்கள். பிளஸ் ஒன் வந்தால் சைக்கிளும் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஒரு ஹெல்மெட்டையும் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. காசிமேட்டில் விடியற்காலையில் மீன் ஏலத்துக்குப் போய்விட்டு, ஓடி வந்து பிள்ளையைப் பள்ளியில் விடும் அம்மாவிடம், "ஏன் வாங்கவில்லை?" என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் உங்கள் அப்பாவிடம் நீங்கள் கேட்கலாம். "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்று முப்பத்து மூன்று வருடம் வகுப்பில் சொன்னவன் நான். இந்த ஒரு விஷயத்தில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அபராதம் கட்டுவது அப்பா. அடிபடுவது நீங்கள். அதனால் கேட்கும் உரிமை உங்களுக்குத்தான். கத்த வேண்டாம். வண்டி கிளம்பிய பிறகும் வேண்டாம். ஏறுவதற்கு முன்னால், "அப்பா, என் ஹெல்மெட் எங்கே?" என்று மட்டும் கேளுங்கள். காரில் ஏறினால் பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடுங்கள். சீட்டுக்கு அடியில் சிக்கிக் கிடக்கும், இழுத்தால் வரும்.

என் மகன்? முகவாயில் தழும்போடு இருக்கும் அதே மகன், தன் பெண்ணை ஸ்கூட்டரின் முன்னால்தான் நிற்க வைத்தான். நான் சொன்னேன், சிரித்தான். "நீங்களும் அப்படித்தானே கூட்டிட்டுப் போனீங்கப்பா?" எனக்குப் பதில் இல்லை. பேத்திதான் கேட்டாள். "அப்பா, உங்க தாடையில என்ன கோடு?" அன்று சாயங்காலமே இருவரும் கடைக்குப் போனார்கள். அவர்களுக்கும் முதல் கடையில் கிடைக்கவில்லை.

நீங்கள் வாங்கப் போகும் முன் அளவு எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் தையல் நாடா போதும். அது இல்லாவிட்டால் சணல் கயிறும் ஸ்கேலும். புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து, தலையைச் சுற்றிக் கொண்டுவந்து, எத்தனை சென்டிமீட்டர் என்று பாருங்கள். கடையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். 2021 ஜூன் முதல் முத்திரை இல்லாததை விற்பதே குற்றம். போட்டு வாரை மாட்டித் தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் தலையோடு ஆட வேண்டும், தனியாக ஆடக் கூடாது. வாருக்கும் தாடைக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் சரியான அளவு.

அந்தச் சென்டிமீட்டர் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, இன்று ராத்திரி அப்பாவின் சட்டைப் பையில் போட்டு வையுங்கள்.