பேனா யார் கையில்?

பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவு வந்ததும் எந்த மேல்நிலைப் பள்ளியின் ஆபீஸ் அறைக்குப் போனாலும் இந்தக் காட்சியைக் காணலாம். தகப்பனார் பேனாவைத் திறந்து விண்ணப்பத்தில் ‘முதல் குரூப்’ என்று எழுதுகிறார். பக்கத்தில் பதினைந்து வயதுப் பிள்ளையாண்டான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறான். "பையனுக்கு எதில் விருப்பம்?" என்று தலைமையாசிரியர் கேட்டால், "அவனுக்கு என்ன சார் தெரியும்?" என்று தகப்பனாரே பதில் சொல்லிவிடுகிறார்.

சாதாரண விஷயமல்ல இது. உயிரியலை விட்டால் டாக்டர் படிப்பு பெரும்பாலும் எட்டாமல் போகும். வணிகவியல் எடுத்தால் என்ஜினீயரிங்கும் பெரும்பாலும் அப்படியே. ஒரு கையெழுத்தில் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

பெற்றோர் ஆசைப்படுவது தவறா? இல்லவே இல்லை. கடன் வாங்கிப் படிக்க வைப்பவர்கள் அவர்கள்தாம். ‘பிள்ளையை அவன் போக்கில் விடுங்கள்’ என்று உபதேசிப்பவர்கள் கல்லூரிச் சம்பளம் கட்ட வருவதில்லையே! வீட்டில் மறுபேச்சுக்கு இடமில்லாமல் போவதுதான் தவறு.

விஞ்ஞானி சந்திரசேகரின் வீட்டில் அந்த இடம் இருந்தது. தகப்பனார் சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்கு இலாகாவில் பெரிய உத்தியோகஸ்தர். மகன் ஐ.சி.எஸ். ஆகவேண்டும் என்பது அவர் ஆசை. அந்நாளில் அதைவிடப் பெரிய உத்தியோகம் ஏது? மகனுக்கோ ராமானுஜனைப் போலக் கணிதத்தில் மோகம். கடைசியில் சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிக ஆனர்ஸில் சேர்ந்தார். ஆனால் கணித வகுப்புகளுக்கும் போய் உட்கார்ந்தார். தாயார் சீதாலட்சுமி மகன் பக்கம். பள்ளிப் படிப்பு அதிகமில்லாமலே இப்ஸனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்த அம்மாள் அவர்.

1930-ல் கேம்பிரிட்ஜ் செல்ல உபகாரச் சம்பளம் கிடைத்தது. அப்போது தாயார் படுத்த படுக்கை. உறவினர் தடுத்தார்கள். போய்த்தான் ஆகவேண்டும் என்று அந்த அம்மாளே சொன்னார். பத்தொன்பது வயதில் கப்பலேறிய மகன், நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய புகழ்பெற்ற கணக்கைப் பிரயாணத்திலேயே போட்டார். மறு வருஷம் தாயார் காலமானார். மகன் திரும்பி வந்து பார்க்கவில்லை.

தகப்பனாரின் பிடிவாதமும் வீண்போகவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது பௌதிகத்துக்கே!

கண்டிப்பாக இருந்துகொண்டே காரணமும் சொல்லி, பிள்ளை சொல்வதையும் கேட்கும் பெற்றோரின் குழந்தைகளே தன்னம்பிக்கையோடு வளர்கிறார்கள் என்று அமெரிக்க மனோதத்துவ அறிஞர் டயானா பாம்ரிண்ட் 1960-களில் எழுதினார். மௌனமாகக் கடிகாரம் பார்க்கும் பையனோ, என்ஜினீயரிங் கல்லூரியில் நாலு பேப்பர் தவறிய பிறகுதான் வாய் திறக்கிறான். அப்போது பேசி என்ன பயன்?

பரீட்சை முடிந்து முடிவு வருவதற்குள் சில வாரங்கள் கிடைக்கின்றன. அந்த நாட்களில் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் பெரிய சண்டையே நடந்தாலும் பாதகமில்லை. தாயாரும் அதில் கலந்துகொள்ளட்டும். பிறகு ஆபீஸ் அறையில் விண்ணப்பத்தைப் பையனே பூர்த்தி செய்யலாம். தகப்பனார் கையெழுத்துப் போடுவதற்கு அதில் தனியாக இடம் விட்டிருக்கிறார்கள்.