ப்ரபோசிஷன் 6-க்கு ‘நோ’ போடுங்க



“பெட்ரோல் வரி ஏழையைத்தானே அடிக்குது? எடுத்தா நல்லதுதானே?” நம்ம ஆட்களே கேக்கறாங்க.

அடிக்குதுதான். ஆனா கலிஃபோர்னியாவில் 2017-இல் ஏற்றியது கேலனுக்கு 12 சென்ட். பன்னிரண்டு கேலன் போட்டா மிச்சம் ஒன்றரை டாலர்கூட இல்லை. இழப்போ வருஷத்துக்குச் சுமார் 500 கோடி டாலர்: தெரு, பாலம், பஸ். நகராட்சிகளும் கவுண்டிகளும் இந்த ரத்தை எதிர்ப்பது அதனால்தான்.

பணக்கார ஊர் சொந்தக் காசில் தார் போட்டுக்கும். ஏழை ஊரில் குழி அப்படியே கிடக்கும்; டயர் செலவு நம்ம தலையில். ரத்துக்கு முன்நிற்கும் குடியரசுக் கட்சிக்காரருக்கு ஏழை மேல் திடீர்ப் பாசமா?

வரி அநியாயமா? பணக்காரர் மேல் போடச் சொல்லிப் போராடுவோம். நவம்பர் 6, 2018: ‘நோ’. ஓட்டில்லாத பெற்றோருக்காகவும் சேர்த்து.