ஒரே ரயில் பாதை... இரு முனையிலும் வேறு வேறு கிரெடிட் ஸ்கோர்! சிகாகோ சொல்லும் பாடம்

யுபிஐ ஆப்பைத் திறந்தாலே 'உங்கள் கிரெடிட் ஸ்கோர் என்ன தெரியுமா?' என்று ஒரு பேனர் வந்து நிற்கிறது. தட்டிப் பார்க்கிறோம். முள் பச்சையில் நின்றால் சின்னதாக ஒரு பெருமை. சிவப்பில் நின்றால் பரீட்சையில் ஃபெயிலான மாதிரி ஒரு கூச்சம். அந்த நம்பரை நம்ம ஒழுக்கத்துக்குக் கிடைத்த மார்க் என்றே நினைத்துக்கொள்கிறோம்.

அப்படியே வைத்துக்கொள்வோம். ஒரே நகரத்தில் ஒரு பக்கம் வசிப்பவர்களுக்குச் சராசரி ஸ்கோர் அதிகமாகவும், இன்னொரு பக்கம் வசிப்பவர்களுக்குக் குறைவாகவும் இருந்தால் என்ன அர்த்தம்? அந்தப் பக்கத்து ஜனங்க எல்லாருமே பொறுப்பில்லாதவங்களா?

இதற்குப் பதில் தேட அமெரிக்காவின் சிகாகோ நகரம் சரியான இடம். கிரெடிட் ஸ்கோர் அங்கே பல வருடங்களாக அன்றாட வாழ்க்கையில் ஊறிப்போன விஷயம். அதை ஏரியா வாரியாக அலசியும் வைத்திருக்கிறார்கள்.

வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று

சிகாகோவில் 'ரெட் லைன்' என்று ஒரு மெட்ரோ ரயில் உண்டு. வடக்கே ஹோவர்ட் ஸ்டேஷனில் கிளம்பி, வசதியானவர்கள் வாழும் லிங்கன் பார்க் பக்கமாக வந்து, நகரத்தின் மையத்தைக் கடந்து, தெற்கே 95-வது தெருவில் முடியும். தெற்குப் பகுதியில் பெரும்பாலும் கறுப்பின மக்கள் வசிக்கிறார்கள். டிக்கெட் ஒன்றுதான், ஆனால் வடக்கிலிருந்து தெற்கே போகப் போக சராசரி ஸ்கோர் இறங்கிவிடும். மேற்குப் பகுதியின் பல ஏரியாக்களிலும் இதே கதைதான்.

அங்கே புழங்கும் ஃபைகோ ஸ்கோர் 300-ல் தொடங்கி 850 வரை போகும். 620-க்குக் கீழே இருந்தால் நல்ல வட்டியில் வீட்டுக்கடன் கிடைப்பது கஷ்டம். சிகாகோவின் உட்ஸ்டாக் இன்ஸ்டிடியூட் 2010-ல் இல்லினாய் மாநிலம் முழுவதையும் பின்கோடு வாரியாக ஆராய்ந்தது. மாநில அளவில் சுமார் ஐந்தில் ஒருவருக்குத்தான் ஸ்கோர் 620-க்குக் கீழே இருந்தது. கறுப்பின மக்கள் மிக அதிகமாக வாழும் பின்கோடுகளிலோ, பாதிப்பேருக்கும் மேல்!

சிவப்பு மை போட்ட மேப்

இத்தனைக்கும் ஃபைகோ கணக்கில் இனம் கிடையாது, முகவரி கிடையாது, சம்பளம்கூடக் கிடையாது. பிறகு எப்படி ஏரியாவுக்கு ஏரியா இவ்வளவு வித்தியாசம்?

கொஞ்சம் பின்னால் போகணும். 1930-களில் பொருளாதாரம் சரிந்து கிடந்தபோது, வீட்டுக்கடன்களைக் காப்பாற்ற அமெரிக்க அரசு ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. அது பல நகரங்களுக்கு மேப் போட்டு, ஏரியாக்களை நான்கு தரமாகப் பிரித்தது. பச்சை என்றால் பாதுகாப்பு, சிவப்பு என்றால் ஆபத்து. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஏரியாக்கள் அநேகமாக எல்லாமே சிவப்பு. இன்றைக்கு 'ரெட்லைனிங்' என்று சொல்லப்படுவது இதைத்தான். ரயிலின் பெயரோடு ஒத்துப்போவது தற்செயல்.

மேப் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன்பே அங்கே பாகுபாடு இருந்தது. 1934-ல் வந்த அரசின் வீட்டுவசதி அமைப்பும் கறுப்பின ஏரியாக்களில் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. மொத்தத்தில், வங்கிக்கடன் என்பதே அங்கே எட்டாக்கனி.

வங்கி வராத இடத்துக்கு யார் வருவார்கள்? உங்களுக்கே தெரியும். 1950, 60-களில் நார்த் லாண்டேல் மாதிரி ஏரியாக்களில் புரோக்கர்கள் 'கான்ட்ராக்ட்' முறையில் வீடு விற்றார்கள். சந்தை விலையைவிட மிக அதிக விலை. மாதாமாதம் தவணை கட்டணும், ஆனால் கடைசித் தவணை வரை பத்திரம் கைக்கு வராது. ஒரு தவணை தவறினாலும் வீடு போச்சு, அதுவரை கட்டிய பணமும் போச்சு. இதில் சிகாகோவின் கறுப்பினக் குடும்பங்கள் இழந்தது, இன்றைய மதிப்பில் 300 முதல் 400 கோடி டாலர் என்று டியூக் பல்கலைக்கழகம் 2019-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது.

1968-லும் 1976-லும் சட்டம் போட்டு இந்தப் பாகுபாட்டைத் தடை செய்தார்கள். ஃபைகோ ஸ்கோர் வந்தது 1989-ல். அதாவது, இனி ஆளைப் பார்க்க மாட்டோம், கணக்கை மட்டும் பார்ப்போம் என்று சொன்னபோது, ஒரு பக்கத்துக் குடும்பங்களிடம் வீடும் சேமிப்பும் இருந்தன. இன்னொரு பக்கம் பெரிதாக எதுவும் சேரவில்லை.

400 டாலர் கணக்கு

ஸ்கோர் எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஃபைகோவில் கடனை ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதற்கு 35 சதவிகிதம். கையில் இருக்கும் லிமிட்டில் எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள் என்பது உள்ளிட்ட கடன் அளவுக்கு 30 சதவிகிதம். கடன் கணக்குகளின் வயதுக்கு 15. புதுக் கடன்களுக்கும், கடன் வகைகளுக்கும் தலா 10.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் கார்டில் மாதம் 400 டாலர் செலவு செய்கிறார்கள். ஒருவருக்கு லிமிட் 5,000 டாலர், பயன்பாடு 8 சதவிகிதம். இன்னொருவருக்கு லிமிட் 500 டாலர், பயன்பாடு 80 சதவிகிதம்! அதே அரிசி, அதே பெட்ரோல், அதே 400 டாலர்தான். ஆனால் இரண்டாவது ஆள் 'கடனில் மூழ்கியவர்' போலத் தெரிவார்.

அடுத்து, திடீரென்று கார் ரிப்பேர். முதல் ஆள் அப்பாவிடம் கேட்டுச் சமாளித்துவிடுவார். இரண்டாவது ஆளின் அப்பாவே மகனிடம் கேட்கும் நிலையில் இருப்பார். கார்டு பில் 30 நாள் தள்ளிப்போனால் ரிப்போர்ட்டில் ஏறும், ஏழு வருடம் அங்கேயே இருக்கும். ஏன் தள்ளிப்போனது என்பதை ஸ்கோர் பார்ப்பதில்லை.

2008-க்கு முந்தைய வீட்டுக்கடன் கூத்திலும் இதுதான் நடந்தது. நல்ல கடனுக்குத் தகுதி இருந்த கறுப்பின, லத்தீன் மக்களையும் அதிக வட்டிக் கடனில் தள்ளியதாக கன்ட்ரிவைடு நிறுவனத்தின் மீது அமெரிக்க நீதித்துறை குற்றம் சாட்டியது. 2011-ல் 33.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டு நிறுவனம் சமரசம் செய்தது. ஆனால் அதற்குள் பலருடைய வீடுகள் ஜப்தியாகிவிட்டன, ஸ்கோரும் விழுந்துவிட்டது.

விழுந்தால் என்ன ஆகும்? 2.5 லட்சம் டாலரை 30 வருடக் கடனாக வாங்கினால், 6 சதவிகித வட்டிக்கும் 7 சதவிகித வட்டிக்கும் மொத்தத்தில் சுமார் 59,000 டாலர் வித்தியாசம். கார் இன்ஷூரன்ஸ் பிரீமியம் கூடும். வாடகை வீடு கிடைப்பதும் சிரமம். வசதி குறைந்தவர்தான் அதிகம் கட்டுகிறார். அதிகம் கட்டுவதால் அடுத்த தவணையில் சறுக்குகிறார்.

ஆக, ஒரு ஏரியாவின் சராசரி ஸ்கோர் அங்கே வாழ்பவர்களின் குணத்தைக் காட்டுவதில்லை. அந்த ஏரியாவுக்கு இதுவரை எந்த மாதிரியான கடன் வந்தது, கஷ்டம் வந்தபோது தாங்கிப் பிடிக்க என்ன இருந்தது என்பதைத்தான் காட்டுகிறது.

சரி, நமக்கு என்ன?

நம்ம ஊரில் சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை. இங்கே சிவப்பு மேப் யாரும் அச்சடிக்கவில்லை. ஆனால் 'அது நெகட்டிவ் ஏரியா சார், லோன் வராது' என்ற வார்த்தையை லோன் ஏஜென்ட்டுகளிடம் நீங்களும் கேட்டிருப்பீர்கள். தண்டல்காரருக்கு ஒருநாள்கூடத் தவறாமல் பணம் கட்டும் பூக்கார அக்காவின் நாணயம் எந்த கிரெடிட் ரிப்போர்ட்டிலும் ஏறாது. தெருவில் பிடிக்கும் சீட்டும், மாத வாடகையும் அப்படித்தான். ஆனால் ஆப்பில் வாங்கிய 3,000 ரூபாய்க் கடன் ஒரு மாதம் தள்ளிப்போனால், அது ஏறிவிடும்.

அதன் விலையும் கூடிக்கொண்டே வருகிறது. மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஒருவரின் பணி நியமனத்தை ஸ்டேட் பேங்க் ரத்து செய்தது சரியே என்று 2025-ல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மறுபக்கம், குறைந்த சிபில் ஸ்கோரை மட்டும் காட்டி மாணவருக்குக் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. ஸ்கோர் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்ற கோட்டை நம் நாடு இப்போதுதான் போட்டுக்கொண்டிருக்கிறது.

அதுவரை உங்கள் கையில் இருப்பவை இவை:

* சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தரணும். நம்பரை மட்டும் பார்க்காமல் ரிப்போர்ட்டையே படியுங்கள். நீங்கள் வாங்காத கடன்கூட அதில் இருக்கலாம்.

* தப்பு இருந்தால் புகார் கொடுங்கள். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரணும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

* முதல்முறை கடன் கேட்கிறீர்களா? கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பிராஞ்சில் 'ஸ்கோர் இல்லையே' என்றால், இதை எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்று. மேட்ரிமோனி பேச்சுவார்த்தையில்கூட இப்போ சிபில் ஸ்கோர் கேட்கிறார்களாம். யாராவது தன் ஸ்கோர் 600 என்று சொன்னால், ஆளை எடைபோடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: 'என்ன ஆச்சு?' ரிப்போர்ட்டில் இல்லாத பதில் அவரிடம்தான் இருக்கும்.